வழக்கு ஜெயித்தது, பங்கு ஏன் விழுந்தது? கேபிள் நிறுவனங்கள் மீதான காப்புரிமை வழக்கைப் பின்தொடரும் சிறு முதலீட்டாளருக்கு

2013 ஜூன் 7, வெள்ளிக்கிழமை. டிவி நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்து பார்க்கும் பெட்டியைச் செய்யும் அமெரிக்காவின் டிவோ நிறுவனம் அன்று ஒரு செய்தியை வெளியிட்டது. சிஸ்கோ, அப்போது கூகுள் வசம் இருந்த மோட்டோரோலா மொபிலிட்டி, ஆரிஸ், டைம் வார்னர் கேபிள் ஆகியோருடன் நடந்துவந்த காப்புரிமை வழக்குகள் சமரசமாக முடிந்துவிட்டன, டிவோவுக்கு 49 கோடி டாலர் வரப்போகிறது என்பதுதான் செய்தி. அன்றைக்கே டிவோ பங்கின் விலை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது.

எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படிப்பட்ட வழக்குகளை நம்பிப் பங்கு வாங்குகிறவர். "ஜெயித்த நாளில் விலை எப்படி இறங்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் காப்புரிமை என்றால் என்ன, வழக்கு எந்த வழியாகப் போகிறது, கடைசியில் பணம் யார் கைக்கு வருகிறது என்று மூன்றையும் பார்த்தாக வேண்டும். பலர் முதல் இரண்டைக் கரைத்துக் குடிக்கிறார்கள். மூன்றாவதைப் பார்ப்பதே இல்லை. பணம் போவது பெரும்பாலும் அந்த மூன்றாவதில்தான்.

முதலில் காப்புரிமை. ஒரு பொருளைச் செய்வதற்கான அனுமதி என்று பலரும் இதைப் புரிந்துகொள்கிறார்கள். அது தவறு. மற்றவர்கள் அதைச் செய்யாமல் தடுப்பதற்கான உரிமைதான் காப்புரிமை. அமெரிக்காவில் விண்ணப்பித்த தேதியிலிருந்து பொதுவாக 20 ஆண்டுகளுக்கு அது செல்லும். ஆவணம் முப்பது நாற்பது பக்கம் ஓடும், படங்கள் இருக்கும், நீண்ட விளக்கம் இருக்கும். ஆனால் சட்டத்தின் கண்ணில் கனமான பகுதி கடைசியில் எண் போட்டு எழுதியிருக்கும் வாக்கியங்கள். அவற்றை 'கிளெய்ம்' என்பார்கள். நம் ஊர் நிலப் பத்திரத்தில் நாலெல்லை எழுதுவோமே, கிட்டத்தட்ட அதுதான். தோட்டம் எவ்வளவு செழிப்பு, கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்று பத்திரத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும், தகராறு வந்தால் அளக்கப்போவது எல்லையை மட்டுமே. ஒரு கிளெய்மில் ஐந்து அம்சங்கள் சொல்லியிருந்தால், எதிராளியின் கருவியில் அந்த ஐந்தும் இருக்க வேண்டும். நான்கு இருந்து ஒன்று இல்லையென்றால் பெரும்பாலும் மீறல் இல்லை.

இப்போது கேபிள் வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சான்பாண்ட் என்ற சிறிய நிறுவனம் 2015 செப்டம்பரில் டெலவேர் மாநிலத்தில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் 13 கேபிள் நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டது. காம்காஸ்ட், சார்ட்டர், காக்ஸ், டைம் வார்னர் கேபிள் என அமெரிக்க வீடுகளுக்கு இன்டர்நெட் தரும் பெரிய பெயர்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. அடுத்த மாதமே சான்பாண்டை யூனிஃபைட் ஆன்லைன் என்ற இன்னொரு சிறிய நிறுவனம் வாங்கியது. அதன் பங்கு நாஸ்டாக், நியூயார்க் சந்தைகளில் இல்லை. அவற்றுக்கு வெளியே, ஒரு டாலருக்கும் எவ்வளவோ கீழே விலைபோகும் பங்குகளோடு அது கைமாறியது. காம்காஸ்ட் மீதான வழக்கில் ஒரு சாமானியர் தன் பெயரில் இடம்பிடிக்க முடியாது. ஆனால் அந்தப் பங்கைச் சில நூறு டாலருக்கு வாங்கிவைக்கலாம். சிறு முதலீட்டாளர்கள் திரண்டது அதனால்தான்.

13 நிறுவனம் என்றால் ஒரே வழக்கில் 13 பேரையும் நிறுத்திவிடலாம் என்று நினைக்கத் தோன்றும். 2011-ல் வந்த காப்புரிமைச் சட்டத் திருத்தம் அதைக் கடினமாக்கிவிட்டது. ஒரே காப்புரிமையை மீறினார்கள் என்ற காரணம் மட்டும் போதாது, சம்பந்தமில்லாத நிறுவனங்களைத் தனித்தனியாகத்தான் இழுக்க வேண்டும். ஆகவே 13 வழக்கு. ஒரே நீதிபதி முன்னே சேர்ந்து நகரலாம், ஆனால் பொதுமக்களில் சிலர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜூரி விசாரணை என்று வரும்போது தனித்தனியாகத்தான் உட்கார வேண்டும்.

தகராறு எதைப் பற்றி? சேனல்களை ஒன்றாகக் கட்டுவது பற்றி. கேபிள் கம்பிக்குள் அமெரிக்காவில் 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள தடங்கள் இருக்கின்றன. டிவி காலத்தில் ஒரு தடத்தில் ஒரு சேனல் போகும். இன்டர்நெட் வந்தபோது ஒரு தடத்தைக் கொடுத்தார்கள், அதில் நொடிக்கு சுமார் 38 மெகாபிட் போகும். தெருவில் உள்ள எல்லா வீடும் அதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மக்கள் வீடியோ பார்க்கத் தொடங்கியதும் அது போதவில்லை. 2006-ல் வெளியான டாக்சிஸ் 3.0 என்ற தொழில் விதிமுறை ஒரு வழி சொன்னது: ஒரே தகவலைத் துண்டு துண்டாகப் பிரித்து நான்கு தடத்தில், எட்டுத் தடத்தில் ஒரே நேரத்தில் அனுப்பு, வீட்டு மோடத்தில் மறுபடி வரிசையாகச் சேர்த்துக்கொள்.

கல்யாண மண்டபத்துக்குச் சாமான் அனுப்புவதை நினைத்துப் பாருங்கள். ஒரே லாரியில் ஏற்றினால் நான்கு நடை ஓட வேண்டும். நான்கு லாரியில் ஏற்றினால் ஒரே நடை. ஆனால் எந்தப் பெட்டி எந்த லாரியில் போனது, இறக்கும்போது எதற்குப் பின் எது என்று ஒவ்வொரு பெட்டியிலும் எண் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் மண்டபத்தில் சாமான் வந்து சேரும், சமையல் தொடங்காது. பிரிப்பது, எண் போடுவது, சேர்ப்பது, இந்த வேலைக்கான முறை எங்களுடையது என்பதுதான் சான்பாண்டின் வாதம்.

சரி, வழக்குப் போட்டாயிற்று. அடுத்து என்ன நடக்கும்?

சினிமாவில் பார்ப்பதுபோல நேராக ஜூரி வராது. முதல் பெரிய கட்டம் சொல்லுக்குப் பொருள் சொல்வது. கிளெய்மில் உள்ள இந்தச் சொல் எதைக் குறிக்கும் என்று இரு தரப்பும் வாதாடும். 1996-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மார்க்மன் வழக்கில், இந்தப் பொருளைச் சொல்ல வேண்டியவர் நீதிபதி, ஜூரி அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. அதிலிருந்து இந்தக் கட்டத்துக்கே 'மார்க்மன் விசாரணை' என்று பெயர். சான்பாண்ட் வழக்கில் 'ஆர்எஃப் சேனல்', அதாவது ரேடியோ அலைவரிசைத் தடம், என்ற சொல்லுக்குப் பொருள் என்ன என்பதில் பெரிய வாக்குவாதம் நடந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சொற்போராகத் தெரியும். ஆனால் பல வழக்குகளின் தலையெழுத்து இங்கேதான் முடிவாகிறது.

இந்த இடத்தில் ஒரு இக்கட்டு இருக்கிறது, சிறு முதலீட்டாளர் இதைக் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும். நீதிபதி ஒரு சொல்லுக்கு அகலமான பொருள் சொன்னால் வாதிக்கு நல்லது என்று நாம் நினைப்போம். எதிராளியின் கருவி எல்லைக்குள் விழுந்துவிடும் அல்லவா? ஆனால் எல்லையை அகலமாகப் போட்டால் பக்கத்து மனையின் பழைய பத்திரமும் குறுக்கே வரும். நமக்கு முன்பே யாரோ ஒருவர் வெளியிட்ட கட்டுரையோ காப்புரிமையோ அந்த அகலமான எல்லைக்குள் இருந்தால், நம் காப்புரிமையே செல்லாததாகிவிடும். குறுகலாகப் போட்டால் காப்புரிமை பிழைக்கும், எதிராளி வெளியே நிற்பான். எதிராளியையும் பிடிக்க வேண்டும், பழையதும் உள்ளே வரக்கூடாது. அந்த இடைவெளி பல நேரங்களில் நூலிழைதான். ஆகவே 'மார்க்மனில் ஜெயித்துவிட்டோம்' என்று யாராவது சொன்னால், எந்தச் சொல், எவ்வளவு அகலம், அந்த அகலத்தில் பழையது எதுவும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொரு முனையில் இன்னொரு சண்டை ஓடிக்கொண்டிருக்கும். 2012 செப்டம்பரிலிருந்து, வழக்கில் மாட்டியவர் காப்புரிமை அலுவலகத்துக்கே போய், 'நீங்கள் கொடுத்த இந்தக் காப்புரிமை செல்லாது, மறுபடி பாருங்கள்' என்று கேட்கலாம். வழக்குத் தாள் கைக்கு வந்த ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியம் எடுத்துக்கொண்டால் பொதுவாக ஓராண்டில் முடிவு சொல்லும். கேபிள் நிறுவனங்கள் மோடத்தையும் மற்ற கருவிகளையும் தாங்களே செய்வதில்லை, சிஸ்கோ, ஆரிஸ் போன்றவர்களிடம் வாங்குகிறார்கள். 'உங்கள் கருவியால் எனக்கு வழக்கு வந்தால் செலவை நீங்கள் ஏற்க வேண்டும்' என்று கொள்முதல் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது வழக்கம். அதனால்தான் சான்பாண்ட் காப்புரிமைகளை எதிர்த்து அந்த வாரியத்தின் கதவைத் தட்டியவர்களில் சிஸ்கோ இருந்தது. டிவோ கதையில் டைம் வார்னர் கேபிள் இருந்த மேசையில் சிஸ்கோவும் கூகுளும் உட்கார்ந்ததற்கும் இந்த ஏற்பாடுதான் பின்னணி. வழக்கின் பெயரில் கேபிள் நிறுவனம் இருக்கும், பணப்பெட்டியைத் திறப்பது வேறொருவராக இருக்கலாம்.

இதற்குப் பிறகு இரு தரப்பும் ஒருவருக்கொருவர் ஆவணங்களைக் கொடுப்பது, பொறியாளர்களிடம் வாக்குமூலம் வாங்குவது, நிபுணர் அறிக்கை என்று ஒன்றிரண்டு ஆண்டு ஓடும். வெளியே எதுவும் தெரியாது. முக்கியமான தாள்கள் முத்திரையிட்டு மூடப்பட்டிருக்கும், அல்லது பாதிப் பக்கம் கறுப்பு மை பூசி வெளிவரும். விலை மெல்ல வடிவது இந்தக் காலத்தில்தான்.

இழப்பீடு எவ்வளவு என்பதற்கு வருவோம். சிறு முதலீட்டாளர்கள் போடும் கணக்கில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு இது. காம்காஸ்டுக்கு 2015 முடிவில் 2 கோடிக்கும் மேல் இன்டர்நெட் சந்தாதாரர்கள். மாதம் இத்தனை டாலர், வருடம் 12 மாதம், பின்னோக்கி ஆறு ஆண்டு, அதில் சிறு சதவீதம் என்று பெருக்கினால் தலைசுற்றும் தொகை வருகிறது. ஆறு ஆண்டு என்பது சரி, சட்டம் அவ்வளவு தூரம்தான் பின்னோக்கிப் போக விடுகிறது. மற்றதெல்லாம் அப்படி நடப்பதில்லை. சந்தாதாரர் கொடுக்கும் பணத்தில் கம்பி இழுத்த செலவு, சாலை தோண்டிய செலவு, கருவி, வாடிக்கையாளர் சேவை என்று ஆயிரம் இருக்கின்றன. காப்புரிமைக்காரர் கேட்கக்கூடியது அவருடைய கண்டுபிடிப்பால் வந்த பகுதியை மட்டும். மீறல் தொடங்குவதற்குச் சற்று முன் இரு தரப்பும் நல்ல மனதோடு உட்கார்ந்து உரிமக் கட்டணம் பேசியிருந்தால் என்ன தொகைக்கு ஒத்துக்கொண்டிருப்பார்கள் என்று கற்பனை செய்து அதை நிரூபிக்க வேண்டும். அந்தப் பேச்சில் கேபிள்காரர் 'இதே வேலையை வேறு வழியிலும் செய்யலாமே' என்று சொல்லியிருப்பார். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வேண்டுமென்றே மீறினார்கள் என்று நிரூபணமானால் நீதிபதி மூன்று மடங்கு வரை கூட்டலாம். 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள், கூட்டியே ஆக வேண்டும் என்று இல்லை.

முன்பெல்லாம் காப்புரிமைக்காரர் கையில் இன்னொரு பெரிய ஆயுதம் இருந்தது: உடனே சேவையை நிறுத்து என்ற தடை உத்தரவு. 2006-ல் ஈபே வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை எளிதில் கொடுக்கக்கூடாது என்று சொன்னது. தானே பொருள் செய்து விற்காமல் காப்புரிமையை மட்டும் வைத்திருப்பவருக்குத் தடை கிடைப்பது அதிலிருந்து அரிதாகிவிட்டது. டிவோ தானே பெட்டி செய்து விற்றது, அதனால் தடை கிடைத்தது. சான்பாண்ட் போன்றவர்கள் பணத்தை மட்டும் எதிர்பார்க்க முடியும். இப்படிப்பட்ட நிறுவனங்களைப் 'பேட்டன்ட் ட்ரோல்' என்று பெரிய நிறுவனங்கள் திட்டும். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. ஒரு சிறிய கண்டுபிடிப்பாளரால் காம்காஸ்டின் வக்கீல் படையை எதிர்த்துத் தன் கைக்காசில் ஆறு ஆண்டு நிற்க முடியாது, யாரிடமாவது ஒப்படைத்துத்தான் ஆக வேண்டும். தகுதியில்லாத காப்புரிமையை வைத்துக் கடைக்காரர்களை மிரட்டிக் காசு பறிப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. எது எது என்று ஒவ்வொரு வழக்காகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இனி ஜூரி தீர்ப்பு. தீர்ப்பு வந்துவிட்டால் பணம் வந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு டிவோவின் கதையைச் சொல்ல வேண்டும். நேரலையாக ஓடும் நிகழ்ச்சியை நிறுத்திவைத்து, டீ போட்டுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம் என்பதை வீடுகளுக்குக் கொண்டுவந்தவர்களில் டிவோ முக்கியமானது. அதற்கான காப்புரிமை 2001-ல் கிடைத்தது. செயற்கைக்கோள் டிவி தரும் எக்கோஸ்டார் மீது 2004 ஜனவரியில் டெக்சாஸில் வழக்குப் போட்டது. 2006 ஏப்ரலில் ஜூரி 7.4 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீடு, அதற்கு மேல் உச்ச நீதிமன்றத்தின் கதவு, எல்லாம் முடிந்து வட்டியோடு சுமார் 10.5 கோடி டாலர் கைக்கு வந்தது 2008 அக்டோபரில்.

அதோடு முடிந்ததா? இல்லை. எக்கோஸ்டார் தன் பெட்டிகளின் மென்பொருளை மாற்றிவிட்டு, 'இப்போது நாங்கள் மீறவில்லை' என்றது. டிவோ நீதிமன்ற அவமதிப்பு என்றது. 2010 மார்ச் 4 அன்று காப்புரிமை மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இதை விசாரித்த மூன்று நீதிபதிகளில் இருவர் டிவோ பக்கம் நின்றார்கள். ஒரே நாளில் பங்கு 60 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அதே ஆண்டு மே 14 அன்று அந்த நீதிமன்றம், இதை எல்லா நீதிபதிகளும் சேர்ந்து மறுபடி விசாரிப்போம் என்று அறிவித்தது. பங்கு சுமார் 40 சதவீதம் விழுந்தது. அன்று டிவோ தோற்கவில்லை. மறுபடி பார்க்கிறோம் என்று சொன்னார்கள், அவ்வளவுதான். மார்ச்சில் ஏறும்போது சந்தோஷமாக வாங்கியவர் மே மாதத்தில் என்ன மனநிலையில் இருந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். 2011 ஏப்ரலில் முழு அமர்வின் தீர்ப்பு வந்தது. மே மாதம் எக்கோஸ்டாரும் அதன் சகோதர நிறுவனமான டிஷ்ஷும் 50 கோடி டாலருக்குச் சமரசம் செய்தன. அதிலும் 30 கோடி முதலில், மீதி 20 கோடி ஆண்டுத் தவணைகளில். வழக்குப் போட்ட நாளிலிருந்து ஏழு ஆண்டுக்கு மேல்.

அடுத்து, டிவோவுடன் இதேபோல வழக்கில் இருந்த தொலைபேசி நிறுவனங்களில் ஏடி அண்ட் டி 21.5 கோடி டாலருக்கும், வெரைசன் 25 கோடி டாலருக்குச் சற்று மேலாகவும் 2012-ல் சமரசத்துக்கு வந்தன. ஒவ்வொரு சமரசமும் அடுத்த சமரசத்துக்கான எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டது. சிஸ்கோவும் மோட்டோரோலாவும் இன்னும் பெரிய தொகை கொடுப்பார்கள் என்று சந்தை முன்கூட்டியே நினைத்து, அந்த நினைப்புக்கு ஏற்ற விலையில் பங்கை வாங்கிவைத்திருந்தது. 49 கோடி என்ற எண் வந்ததும் ஏமாந்தது. அந்த நண்பரின் கேள்விக்குப் பதில் இதுதான். பங்கு விலை வழக்கின் முடிவைப் பார்ப்பதில்லை. முடிவுக்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கிறது.

இன்னொரு வகை அதிர்ச்சியும் உண்டு. பார்க்கர்விஷன் என்ற சிறிய நிறுவனம் செல்போன் சிப் செய்யும் குவால்காம் மீது போட்ட காப்புரிமை வழக்கில் 2013 அக்டோபரில் ஜூரி 17.3 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. 2014 ஜூனில் அந்த வழக்கை நடத்திய நீதிபதியே, இந்தத் தீர்ப்புக்குப் போதுமான சாட்சியம் இல்லை என்று அதைத் தள்ளிவிட்டார். பங்கு அதலபாதாளத்துக்குப் போனது. ஜூரி சொன்னதை நீதிபதி மாற்றலாம், நீதிபதி சொன்னதை மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றலாம்.

சிறு முதலீட்டாளர்கள் இதையெல்லாம் எப்படிப் பின்தொடர்கிறார்கள்? அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு 'பேசர்' என்ற இணைய அமைப்பு இருக்கிறது. கடன் அட்டையைக் கொடுத்துப் பதிவுசெய்தால் யார் வேண்டுமானாலும் வழக்கின் நாட்குறிப்பை, அதாவது எந்தத் தேதியில் என்ன தாள் ஏறியது என்ற பட்டியலை, பார்க்கலாம். பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதத்தில் 30 டாலருக்கு மேல் போகாவிட்டால் கட்டணமே இல்லை. இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. சில நூறு டாலர் போட்ட ஒருவர் தன் வீட்டு மேசையில் உட்கார்ந்து, பெரிய நிறுவனத்தின் வக்கீல் நேற்று என்ன எழுதினார் என்று படிக்க முடிகிறது.

ஆனால் படிப்பது வேறு, படித்ததற்குப் பொருள் காண்பது வேறு. நாட்குறிப்பில் அடிக்கடி வரும் ஒரு வரி, 'பதில் தாக்கல் செய்ய இரு தரப்பும் சேர்ந்து அவகாசம் கேட்டனர்' என்பது. இரு தரப்பும் சேர்ந்து கேட்கிறார்கள் என்றதும், உள்ளே சமரசப் பேச்சு நடக்கிறது என்று ஊகிப்பார்கள், அன்றைக்குப் பங்கு கொஞ்சம் ஏறும். உண்மையில் வக்கீல்களுக்குள் இது சாதாரண மரியாதை. இன்று நீ எனக்கு இரண்டு வாரம் கொடு, அடுத்த மாதம் நான் உனக்குக் கொடுக்கிறேன். இதில் எந்தச் சேதியும் இல்லை. 'சமரச விவரங்களை முடிக்க 30 நாட்களுக்கு எல்லாத் தேதிகளையும் நிறுத்திவைக்கக் கோருகிறோம்' என்று வந்தால் அது சேதி. புது வக்கீல் பெயர் சேர்ந்தால் பலம், பழைய வக்கீல் விலகினால் பலவீனம் என்று சொல்வார்கள். சட்ட நிறுவனத்தை விட்டு ஒரு இளம் வக்கீல் வேறு வேலைக்குப் போனாலும் அதே வரிதான் வரும். வாதியின் தலைமை வக்கீல் நிறுவனமே மொத்தமாக விலகினால் மட்டும் ஏன் என்று விசாரியுங்கள்.

இப்போது பலரும் பார்க்காத மூன்றாவது பகுதி. வழக்குத் தாள்களில் இது இருக்காது. நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலும், அதன் பின்னிணைப்பாக வரும் ஒப்பந்தங்களிலும் இருக்கும். வக்கீல்கள் இப்படிப்பட்ட வழக்கை முன்பணம் வாங்காமல் எடுத்து, ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்வது வழக்கம். நிபுணர் செலவுக்கும் மற்றதற்கும் வெளியே ஒரு நிதி நிறுவனம் பணம் போட்டிருக்கும், அது போட்டதைப் பல மடங்காக முதலில் எடுத்துக்கொள்ளும். காப்புரிமையை விற்ற பழைய உரிமையாளர், வருவதில் எனக்கு இத்தனை பங்கு என்று எழுதிவாங்கியிருப்பார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எல்லாம் என் கற்பனை, வழி மட்டும் நிஜம். சமரசம் 10 கோடி டாலர். வக்கீலுக்கு 35 சதவீதம், மூன்றரைக் கோடி போக மீதி ஆறரைக் கோடி. வழக்குக்கு 50 லட்சம் போட்ட நிதி நிறுவனத்துக்கு மூன்று மடங்கு, ஒன்றரைக் கோடி. மீதி 5 கோடி. பழைய உரிமையாளருக்குப் பாதி. மீதி இரண்டரைக் கோடி. கூட்டாட்சி வரி 21 சதவீதம், சுமார் 50 லட்சம். மீதி 2 கோடி. இத்தனை ஆண்டு அலுவலகம் நடத்த வாங்கிய கடனுக்கு 50 லட்சம். கடைசியில் ஒன்றரைக் கோடி.

வருமானமே இல்லாத நிறுவனம் இத்தனை ஆண்டு எப்படி ஓடியது? புதுப் பங்குகளை அச்சடித்துத்தான். கடன் கொடுத்தவர்கள் அதைச் சந்தை விலைக்கும் கீழே பங்குகளாக மாற்றிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் வாங்கும்போது 100 கோடிப் பங்கு இருந்தது, இப்போது 300 கோடி. ஒன்றரைக் கோடி டாலரை 300 கோடியால் வகுத்தால் பங்குக்கு அரை சென்ட். ஆரம்பத்தில் நீங்கள் போட்ட கணக்கு 10 கோடியை 100 கோடியால் வகுத்தது, பங்குக்கு 10 சென்ட். அதை நம்பி 2 சென்டுக்கு வாங்கியிருப்பீர்கள். வழக்கு ஜெயித்தது, நீங்கள் முக்கால் பாகத்தை இழந்தீர்கள். அந்த அரை சென்டும் கைக்கு வரும் என்று உறுதியில்லை. பங்குதாரருக்கு ஈவுத்தொகை கொடுக்க வேண்டும் என்று இயக்குநர் குழுவுக்குக் கட்டாயம் கிடையாது, அதை வைத்து அடுத்த தொழில் தொடங்குகிறோம் என்று சொல்லலாம்.

ஆகவே இப்படி ஒரு பங்கை வாங்குவதற்கு முன், காப்புரிமை எண்ணைத் தேடும் நேரத்தில் பாதியையாவது ஆண்டறிக்கைக்குச் செலவிடுங்கள். வெளியே எத்தனை பங்கு இருக்கிறது, இன்னும் எத்தனை வெளியிட அனுமதி இருக்கிறது, பங்காக மாற்றக்கூடிய கடன் எவ்வளவு, வருவதில் யாருக்கு எவ்வளவு என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அறிக்கையே தாக்கல் செய்யவில்லையா? அப்படியானால் தொடாதீர்கள் என்றுதான் என் தம்பிக்குச் சொல்வேன், உங்களுக்கும் அதையே சொல்கிறேன். 2021 செப்டம்பர் 28 முதல், நடப்புத் தகவலை வெளியிடாத நிறுவனங்களின் பங்குக்குத் தரகர்கள் பொதுவில் விலை சொல்வதை அமெரிக்கச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் கடுமையாகக் கட்டுப்படுத்திவிட்டது. அப்படிப்பட்ட பங்கை வைத்திருப்பவர் விற்க நினைத்தாலும் வாங்க ஆள் கிடைப்பது கடினம்.

சான்பாண்டின் வழக்குகள் 2021-ல் சமரசமாக முடிந்தன. இந்த வகை வழக்கு சமரசத்தில் முடியும்போது நாட்குறிப்பில் கடைசியாக ஏறும் தாள் ஒரு பக்கமோ ஒன்றரைப் பக்கமோ இருக்கும். இரு தரப்பும் ஒத்துக்கொண்டு வழக்கை விலக்கிக்கொள்கிறார்கள், இதே காரணத்துக்கு மறுபடி வழக்குப் போட முடியாது, அவரவர் செலவு அவரவரைச் சேர்ந்தது என்று எழுதி, கீழே வக்கீல்களின் கையெழுத்து. தொகை அதில் இருக்காது. ஆணையத்துக்கு அறிக்கை கொடுக்கும் கடமையுள்ள நிறுவனமாக இருந்து, ஒப்பந்தமும் அதற்கு முக்கியமானதாக இருந்தால், நான்கு வேலை நாளுக்குள் அது தாக்கல் செய்யும் படிவத்தில் விவரம் வரும். அந்தக் கடமை இல்லாத நிறுவனமாக இருந்தால், ஆறு ஆண்டு ஒவ்வொரு தாளையும் பக்கத்துக்கு 10 சென்ட் கொடுத்துப் படித்தவருக்கும் அந்த ஒரு எண் தெரியாமலே போகலாம்.